எட்டு பீப்பாய், 1,450 பாட்டில்

பெங்களூரில் சின்ன அளவில் விஸ்கி முதிரவைத்து, சொந்தப் பெயரில் பாட்டில் போட நினைக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அண்ணனும் அண்ணியும் சேர்ந்து 2019 பிப்ரவரியில் எட்டு பீப்பாய் நிரப்பினோம். மூன்று வருஷத்தில் 2,170 பாட்டில் கிடைக்கும் என்று கணக்கு. நாலு வருஷமும் ரெண்டு மாசமும் கழித்து, 2023 ஏப்ரலில் கைக்கு வந்தது 1,450. மீதி 720 பாட்டில் எங்கே போனது என்று அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிரித்தார். ஒழுகிப்போன ஒரு பீப்பாயில் 270. ஆவியாகிற அளவைக் குறைத்துப் போட்டதில் 235. பேப்பர் வேலை 14 மாசம் இழுத்ததில் ஏறத்தாழ 215. பாட்டிலுக்கு எங்களுக்கு நிற்கிற விலை 900 ரூபாய் என்று வைத்தால் ஆறரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தாளைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நஷ்டத்தைவிட, மூன்றில் இரண்டைத் தடுத்திருக்கலாம், மூன்றாவதைச் சரியாகவாவது கணக்கிட்டிருக்கலாம் என்பதுதான் உறுத்தியது.

முதலில் நாங்கள் செய்தது என்ன தொழில் என்று சொல்லிவிடுகிறேன். இண்டிபெண்டென்ட் பாட்லர் என்பவர் தானே சரக்கு வடிக்க மாட்டார். டிஸ்டிலரியிடம் வாங்கி, தான் தேர்ந்தெடுத்த பீப்பாயில் வைத்து, தனக்குச் சரி என்று படும்போது தன் பெயரில் பாட்டில் போடுவார். ஸ்காட்லாந்தில் எல்ஜின் ஊர் மளிகைக்கடையாக 1895இல் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபைல், அதற்கும் முன்னே 1842இல் தொடங்கிய கேடன்ஹெட் எல்லாம் இந்த வகை. இங்கே அதை அப்படியே செய்ய முடியாது. மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பீப்பாயை வாங்கி அல்சூர் வீட்டு மாடியில் உருட்டி வைக்க வழியில்லை. வீட்டில் வடிப்பது குற்றம். எக்சைஸ், அதாவது கலால் துறை, லைசென்ஸ் உள்ள இடத்தில்தான் சரக்கு இருக்க வேண்டும். அதனால் ஒரு டிஸ்டிலரியோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் கிடங்கிலேயே நம் பீப்பாயை வைத்து, அவர்கள் லைனிலேயே பாட்டில் போட வேண்டும். ஓசூர் நாற்பது கிலோமீட்டர்தான், அங்கே வாடகை குறைவு என்று அண்ணன் முதலில் சொன்னார். ஆனால் அது வேறு மாநிலம். அங்கிருந்து ஒரு டிரம் சரக்கு கொண்டுவரவும் அனுப்புகிற மாநிலத்தின் பெர்மிட்டும் வாங்குகிற மாநிலத்தின் பெர்மிட்டும் வேண்டும். அதை விட்டுவிட்டோம், அது மட்டும் நல்ல முடிவு.

சரக்கு வாங்குவது இந்த வேலையிலேயே சுலபமான பகுதி. மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, வடித்த புதுச் சரக்கு, 62.5 சதவீத ஆல்கஹால், 1,600 லிட்டர், லிட்டர் 310 ரூபாய் என்று 4.96 லட்சம். நம் ஊர் ஆறு வரிசை பார்லியில் புரதம் கூட, மாவு குறைவு. வடிக்கிறவருக்கு விளைச்சல் கொஞ்சம் குறையும், சரக்கு எண்ணெய்ப் பசையோடு கனமாக இருக்கும். பீப்பாயில் வைக்க அது நல்லதுதான். வாங்கும்முன் சுத்தமான தண்ணீர் விட்டு 20 சதவீதத்துக்கு இறக்கி மோந்து பாருங்கள். 62இல் மோந்தால் மூக்கு மரத்துப்போகும், ஒன்றும் தெரியாது. பழம், தானிய வாசனை வர வேண்டும். நனைந்த அட்டை, வியர்வை, புளித்த பாலாடை மாதிரி அடித்தால் வடிப்பின் கடைசிப் பகுதியை நிறுத்தாமல் அதிகநேரம் ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெந்த முட்டைக்கோஸ் வாடை என்றால் கந்தகம், அதாவது வடிகலத்தின் செம்போடு சரக்கு போதிய நேரம் உறவாடவில்லை. லேசான கந்தகம் பீப்பாயில் போய்விடும். வியர்வை வாடை போகாது.

அடுத்தது பீப்பாய். அமெரிக்க போர்பன் விஸ்கிக்குச் சட்டப்படி உள்ளே கரித்த புது ஓக் பீப்பாய்தான் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியதை அவர்கள் விற்றுவிடுவார்கள். அந்த 200 லிட்டர் பீப்பாய்கள்தான் உலகமெல்லாம் ஓடுகின்றன. சென்னைத் துறைமுகம் வழியாக எங்களுக்கு ஒன்று 24,000 ரூபாய் விழுந்தது. வெயில் காலத்தில் கன்டெய்னருக்குள் வாரக்கணக்கில் கிடந்தால் பலகை வற்றிச் சுருங்கிவிடும், இரும்பு வளையம் கையால் தள்ளினாலே நகரும். வந்த அன்றே இதைச் செய்யுங்கள்: வளையங்களைச் சுத்தியலால் அடித்து இறுக்கி, 70, 80 டிகிரி சூட்டில் இருபது லிட்டர் தண்ணீர் ஊற்றி, வாயை அடைத்து, நாலு பக்கமும் உருட்டுங்கள். பிறகு ஒரு தலையில் நிறுத்தி அந்தத் தலையின் வெளிப்பக்கத்தை நனைத்து வையுங்கள், மறுநாள் திருப்பி நிறுத்துங்கள். உள்ளே நீராவி அழுத்தம் ஏறும்போது எந்தப் பொருத்தில் கசிவு என்று குமிழியாகக் காட்டிவிடும். சின்னக் கசிவு ஒரு நாளில் மரம் ஊறித் தானே அடைபடும். அடைபடாவிட்டால் அந்தப் பொருத்தில் காய்ந்த கோரைத்தட்டையைச் செருகி வளையத்தை இறுக்க வேண்டும், புழு துளைத்த ஓட்டைக்கு மரமுளை. எம்-சீல், சிலிக்கான் எதையும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அதிலிருக்கும் வேதிப்பொருளை 60 சதவீத ஆல்கஹால் இழுத்து விஸ்கியில் கலந்துவிடும். தண்ணீரை இரண்டு நாளுக்கு மேல் உள்ளே விடவும் வேண்டாம், புளித்துப் பூஞ்சை பிடிக்கும்.

எட்டில் இரண்டு அப்படி ஒழுகின. மர்ஃபி டவுனில் மரவேலை செய்கிற ஒரு பெரியவர் வந்து கோரை வைத்து அடித்துக் கொடுத்தார். கிளம்பும்போது, "தம்பி, இப்ப நிக்குது. ஆனா கண்ணால பாத்துக்கிட்டு இருக்காதீங்க, மாசாமாசம் தூக்கிப் பாருங்க" என்றார். "தூக்கறதுன்னா எப்படிண்ணே, இருநூறு கிலோவுக்கு மேல இருக்குமே" என்று அண்ணன் கேட்டார். "அதுக்குத்தான் தராசு" என்றார் அவர். நாங்கள் சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தராசு வாங்கவில்லை. பதினெட்டாயிரம் ரூபாய்ச் செலவை மிச்சப்படுத்தினோம் என்று நினைத்தோம்.

அவர் சொன்னதன் கணக்கு இது. காலி பீப்பாய் சுமார் 50 கிலோ. 62.5 சதவீதச் சரக்கு 200 லிட்டர் என்பது 181 கிலோ. மொத்தம் 230 கிலோவுக்கு ஒட்டி. ஒவ்வொரு பீப்பாயின் காலி எடையையும் நிரம்பிய எடையையும் தலைப்பலகையிலேயே எழுதிவிட்டால், பிறகு வாயைத் திறக்காமலே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு லிட்டர் குறைந்தால் தராசில் தொள்ளாயிரம் கிராம் குறையும். பெங்களூர் ஆவியாதலுக்கு முதல் வருஷம் மாசம் ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் குறைவது இயல்பு; முதல் மாசம் மட்டும் மரம் உறிஞ்சுவதால் ஏறுமாறாக இருக்கும். ஒன்று மட்டும் மூன்று, நாலு கிலோ இறங்கினால் அது ஒழுகுகிறது. இவ்வளவுதான் விஷயம். பாலட் தராசு ஒன்றும் கையால் தள்ளும் டிராலி ஒன்றும் போதும், எட்டு பீப்பாய்க்கு இரண்டு மணி நேர வேலை.

ஆவியாதல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு 2 சதவீதம் போகிறது, தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரில் 10 முதல் 12. கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறோம், பகலுக்கும் இரவுக்கும் சூடு ஏறி இறங்குகிறது, ஜனவரி முதல் மே வரை காற்று வறண்டு கிடக்கிறது. இது ரகசியமே இல்லை. 1948இல் இந்த ஊரில் தொடங்கிய அம்ருத், 2004இல் தங்கள் சிங்கிள் மால்ட்டை முதலில் கிளாஸ்கோவில் கொண்டுபோய் விற்றபோதே உலகம் பேச ஆரம்பித்த விஷயம். எட்டு வருஷம் வைத்த ஒரு விஸ்கிக்கு அவர்கள் 'கிரீடி ஏஞ்சல்ஸ்', பேராசைத் தேவதைகள், என்றே பெயர் வைத்தார்கள். கிடைத்தது 144 பாட்டில்தான். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், எங்கள் கிடங்கு செங்கல் சுவர், உள்ளே குளுமையாக இருக்கிறது, நமக்கு 7 போதும் என்று போட்டோம். வந்தது 11. மூன்று வருஷத்துக்கு 7 என்றால் 100 லிட்டரில் 80 மிஞ்சும், 11 என்றால் 70. நீங்கள் 12 போடுங்கள். குறைவாகப் போனால் சந்தோஷம்.

ஆவியாதல் இப்படி ஓடினால் முதிர்ச்சியும் அதே வேகத்தில்தான் ஓடும். சூட்டில் சரக்கு மரத்துக்குள் போய்ப்போய் வருவதால் இங்கே மூன்றாம் வருஷமே வனிலா, தேங்காய், கருப்பட்டி மணம் எல்லாம் இறங்கிவிடும். அதற்குமேல் இறங்குவது துவர்ப்பு. முதல் வருஷம் மூன்று மாசத்துக்கு ஒருதடவை, மூன்றாம் வருஷத்திலிருந்து மாசத்துக்கு ஒருதடவை ருசி பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயை வாய்வழியாக விட்டு 50 மில்லி எடுத்தால் போதும். எடுப்பதை எக்சைஸ் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், அதைச் சோம்பேறித்தனத்தால் விடாதீர்கள். 2022 பிப்ரவரியில், சரியாக மூன்று வருஷத்தில், ஒழுகிய பீப்பாய் போக (அதைப் பிறகு சொல்கிறேன்) மற்ற ஏழும் தயார் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்தது. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அன்றைக்கு அவற்றில் 987 லிட்டர் இருந்திருக்க வேண்டும். ஆனால் பாட்டில் போட எங்களிடம் ஒரு பேப்பர்கூடத் தயாராக இல்லை.

பேப்பரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், மூன்று வருஷம் இருக்கிறதே என்று விட்டதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. வரிசையாகச் சொல்கிறேன். பெயரை டிரேட்மார்க் வகுப்பு 33இல் பதிய வேண்டும். சிறு தொழில் என்றால் ஆன்லைனில் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. எங்கள் பெயர் ஏற்கெனவே இருந்த ஒரு பிராந்திப் பெயரின் சாயலில் இருக்கிறது என்று ஆட்சேபணை வந்தது. பதில் கொடுத்து, கடைசியில் பெயரையே மாற்றி, ஐந்து மாசம் போனது. பிறகு லேபிள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 மது விதிகள்படி, குடிப்பது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர் என்ற எச்சரிக்கை 200 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும். லேபிள் வரைந்த பையன் அழகுக்காக 2 மில்லிமீட்டரில் போட்டிருந்தான், நாங்களும் ஸ்கேல் வைத்துப் பார்க்கவில்லை. அதற்கு ஒருதடவை திரும்பியது. வயதைக் குறிப்பிட்ட இடத்தில் இன்னொரு தடவை. வயது போட்டால் கலவையில் இருக்கும் மிக இளைய சரக்கின் வயதைத்தான் போட வேண்டும்; சராசரி கிடையாது. இதில் மூன்று மாசம். இதற்குள் ஜூன் 30 தாண்டிவிட்டது. கர்நாடகாவில் எக்சைஸ் வருஷம் ஜூலை முதல் ஜூன் வரை, லைசென்ஸும் லேபிள் அனுமதியும் அதோடு முடிந்து புதிதாக வாங்க வேண்டும். ஏப்ரலில் விண்ணப்பித்து ஜூனில் கிடைத்தால் ஒரு மாசத்துக்கு வாங்கிய அனுமதி அது. எங்கள் கோப்பு மறுபடி முதலிலிருந்து நகர இரண்டு மாசம். கடைசியாக லைன். 1,450 பாட்டில் என்பது ஒரு பெரிய லைனுக்கு அரை ஷிஃப்ட் வேலைகூட இல்லை. பெரிய பிராண்டை நிறுத்திவிட்டு நமக்காகக் கழுவி மாட்ட யாருக்கும் மனசு வராது. ஒப்பந்தத்தில் தேதி எழுதாமல் விட்டது எங்கள் தப்பு. நாலு மாசம்.

பதினாலு மாசம். ஏழு பீப்பாயில் 126 லிட்டர் காற்றோடு போனது. இரண்டு பீப்பாய் துவர்த்துவிட்டது, ஆறிப்போன டிகாஷன் மாதிரி நாக்கைப் பிடித்தது. மற்ற ஐந்தோடு கலந்ததால் தப்பித்தோம், ஆனால் பிப்ரவரியில் ருசித்த அந்த விஸ்கி இது இல்லை. ஒவ்வொரு மாசமும் கிடங்குக்குப் போய்த் திரும்பும்போது வண்டியில் யாரும் பேச மாட்டோம்.

இதற்கு மருந்து இருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. விஸ்கி தயார் ஆனதும் பீப்பாயிலிருந்து எடுத்து மூடிய எஃகுத் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். எஃகில் மரம் இல்லை, துவர்ப்பு நிற்கும். மூடி இறுக்கமாக இருந்தால் ஆவியும் போகாது. 1,200 லிட்டர் எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) தொட்டி பீன்யா தொழிற்பேட்டையில் எங்களுக்குச் சொன்ன விலை 1.3 லட்சம். நாங்கள் இழந்த 215 பாட்டிலின் மதிப்பு 1.9 லட்சம். தொட்டியில் அளவுகோல் பொருத்தி எக்சைஸ் அதிகாரி அளந்து சான்று தர வேண்டும், மாற்றுவதற்கும் முன் அனுமதி வேண்டும். அதை இரண்டாம் வருஷமே வாங்கி வைத்துவிடுங்கள். சூட்டில் சரக்கு விரியும், அதனால் விளிம்புவரை நிரப்பாமல் மூன்று சதவீதமாவது இடம் விடுங்கள். மாற்றும்போது சாதாரண மின்மோட்டார் பம்ப் கூடவே கூடாது. 60 சதவீதச் சரக்கின் ஆவி 22 டிகிரியிலேயே தீப்பிடிக்கும், நம் ஊர் கிடங்கு பெரும்பாலும் அதற்கு மேல்தான். காற்றழுத்தத்தில் ஓடும் டயாஃப்ரம் பம்ப், தொட்டிக்கும் பம்புக்கும் எர்த் கம்பி, கைபேசி வெளியே. இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

இனி தண்ணீர் சேர்க்கிற கட்டம். இங்கே விஸ்கியின் வழக்கமான ஆல்கஹால் பலம் 42.8 சதவீதம். நாங்கள் 46 வைத்தோம், ஏனென்றால் அதற்குக் கீழே போனால் பீப்பாயிலிருந்து வந்த கொழுப்பு எஸ்டர்கள் குளிரில் திரண்டு விஸ்கி மங்கலாகும். அதைத் தவிர்க்கக் குளிரவைத்து வடிகட்டினால் கனமும் மணமும் கொஞ்சம் போகும். கணக்கில் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. 60 சதவீதம் 200 லிட்டரை 46க்குக் கொண்டுவந்தால் 261 லிட்டர் ஆகும், ஆக 61 லிட்டர் தண்ணீர் என்று தோன்றும். உண்மையில் 63 தேவைப்படும். தண்ணீரும் ஆல்கஹாலும் கலக்கும்போது மொத்தக் கொள்ளளவு சுருங்குகிறது. அதனால் லிட்டரில் அளக்காமல் எடையில் கணக்கிடுவது பாதுகாப்பு. போர் தண்ணீரைத் தொடாதீர்கள், அதிலிருக்கும் சுண்ணாம்பு சில வாரம் கழித்துப் பாட்டிலில் வெள்ளைத் துகளாக இறங்கும். ஆர்.ஓ. தாண்டி, டிமினரலைஸ் செய்த, அதாவது தாது உப்பு நீக்கிய, தண்ணீர்தான் வேண்டும். ஒரே நாளில் ஊற்றாமல் 60இலிருந்து 55, பிறகு 50, பிறகு 46 என்று மூன்று வாரத்தில் இறக்கினோம். ஊற்றிய உடனே கலவை சூடேறும், அப்போது அளக்கக் கூடாது, மறுநாள்தான்.

அளப்பதிலும் ஓர் அடி வாங்கினோம். ஆல்கஹால் பலத்தைக் காட்டும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. சரக்கு அதைவிடச் சூடாக இருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 கூடுதலாகக் காட்டும். ஏப்ரல் பெங்களூரில் 28 டிகிரிச் சரக்கு 46 என்று காட்டினால் உண்மையில் 43தான் இருக்கும். அட்டவணை பார்த்துத் திருத்தத்தான் செய்தோம். ஆனால் எங்கள் தெர்மாமீட்டரே 2 டிகிரி குறைத்துக் காட்டியது. லேப் முடிவு 45.3 என்று வந்தபோது அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். லேபிளில் 46 அச்சாகிவிட்டது. நல்லவேளையாக ஏழில் ஆறைத்தான் கலந்திருந்தோம், ஒரு பீப்பாயைத் தண்ணீர் சேர்க்காமல் தனியே வைத்திருந்தோம். அதிலிருந்து 48 லிட்டர் எடுத்துச் சேர்த்துச் சரிசெய்தோம். முழுப் பலத்தில் கொஞ்சம் மிச்சம் வைக்காமல் யாரும் தண்ணீர் ஊற்றத் தொடங்காதீர்கள். தண்ணீரைப் பிறகும் சேர்க்கலாம், எடுக்க முடியாது. மரத்திலிருந்து கரைந்து வந்த பொருள்கள் ஹைட்ரோமீட்டரைக் கொஞ்சம் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும், அதாவது உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் இறுதி எண்ணுக்கு, சின்ன மாதிரியை வடித்துப் பார்க்கிற லேப் சோதனைதான் சாட்சி.

பாட்டிலைப் பற்றிச் சுருக்கமாக. சொந்த அச்சு என்றால் ஆர்டரே பத்தாயிரத்துக்குக் கீழே எடுக்க மாட்டேன் என்றார்கள், அதனால் கடையில் இருந்த வடிவத்திலேயே 2,400 பாட்டில், ஒன்று 68 ரூபாய்க்கு முன்கூட்டியே வாங்கினோம். 950 மிஞ்சிக் கிடக்கிறது. விஸ்கி எவ்வளவு என்று தொட்டியில் அளந்த பிறகு பாட்டில் வாங்குங்கள். மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் பாட்டிலுக்கும் கிடங்கு வாடகைக்கும் கட்டிய 18 சதவீதம் திரும்பி வராது, அது முழுக்கச் செலவு. வேறு தொழில் பார்த்து வந்தவர்கள் இதைத் தவறாமல் மறக்கிறார்கள், அண்ணியே முதல் கணக்கில் கழித்துவிட்டுத்தான் போட்டிருந்தார். பத்து பாட்டிலின் கழுத்து உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். எங்களுக்கு அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. பெட்டியைப் படுக்கவைத்தபோது சில கார்க் கசிந்து லேபிள் கறைபட்டது. இந்தியாவில் 750 மில்லி, ஐரோப்பாவில் 700தான் செல்லும். எப்போதாவது வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

அந்த ஒழுகிய பீப்பாயைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2023 ஜனவரியில், கலப்பதற்காக அடுக்கைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. கீழ் வரிசை, சுவரோரம், பின்பக்கத் தலைப்பலகை. அந்தப் பெரியவர் கோரை வைத்த இரண்டில் ஒன்றுதான் அது. சொட்டுச் சொட்டாகக் கசிந்ததால் தரையில் தேங்கவே இல்லை, விழுந்ததும் ஆவியாகிவிட்டது. சுவரில் கறுப்பாகப் படிந்திருந்தது. ஆல்கஹால் ஆவியில் வளரும் பூஞ்சை எல்லா விஸ்கிக் கிடங்கிலும் உண்டு என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை. 2020 ஊரடங்கில் மூன்று மாசம் கிடங்குப் பக்கமே போக முடியவில்லை, ஒருவேளை அப்போதே தொடங்கியிருக்கலாம். உள்ளே 41 லிட்டர் மிச்சம். பெரிய காலியிடத்தில் காற்றோடு கிடந்ததால் பழைய காகிதம் மாதிரி செத்த ருசி. கலந்தால் மற்றதையும் கெடுக்கும். அதிகாரி முன்னிலையில் கொட்டினோம். அண்ணி அன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கொட்டியதோடு முடியவில்லை. முதிரவைக்கும்போது இவ்வளவு சேதாரம் போகலாம் என்று எக்சைஸ் கணக்கில் ஓர் அளவு உண்டு. அதற்குமேல் குறைந்தால், விற்ற சரக்குக்குக் கேட்பதுபோல் வரி கேட்பார்கள். எப்போதிலிருந்து ஒழுகியது, மாசம் எவ்வளவு குறைந்தது என்று காட்டுங்கள் என்றார்கள். நியாயமான கேள்விதான். காட்ட எங்களிடம் ஒரு தாளும் இல்லை. எடைச்சீட்டு இருந்திருந்தால் திடீரென்று குறைந்த மாசம் தெளிவாகத் தெரிந்திருக்கும், அன்றைக்கே எழுத்தில் தகவல் கொடுத்து, மீதிச் சரக்கை வேறு பீப்பாய்க்கு மாற்றியிருப்போம், வரியும் வந்திருக்காது. 31,000 ரூபாய் கட்டினோம். இப்போது நாலு பீப்பாய் நிரப்பியிருக்கிறோம். டிரேட்மார்க் பதிவு நிரப்புவதற்கு முன்பே முடிந்தது, தொட்டிக்கு அளவுச் சான்று வாங்கியாயிற்று, பாட்டில் லைனுக்கு மூன்றாம் வருஷ மார்ச்சில் தேதியும் தாமதித்தால் வாடகைக் கழிவும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. எடைச்சீட்டில் ஒவ்வொரு மாசமும் நாங்கள் கையெழுத்துப் போட்டு, டிஸ்டிலரி ஆளிடமும் ஒன்று வாங்கிக்கொள்கிறோம். போன மாசம் மூன்றாம் எண் பீப்பாய் 2.6 கிலோ இறங்கியிருந்தது. மற்ற மூன்றும் 1.6. அன்றைக்கே வளையத்தை இறுக்கினோம். இந்த மாசம் 1.7.